அக்காவுக்காக வாங்கிய கம்ப்யூட்டர்

நம் பள்ளித் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள், நம் செட்டிலேயே முதன்முதலில் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து வாங்கித் தானே மாட்டியவள் நான்தான் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்த குழு அன்றைக்கு ஒரு மணி நேரம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நான் பதில் எழுதவில்லை. கர்வம் என்று நினைத்திருப்பீர்கள். கர்வம் இல்லை, வெட்கம். அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை எழுதிவிடுகிறேன். படித்த பிறகு கைதட்டல்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை அது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். அப்பா ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். எங்கள் தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு பெருமையாகப் போவார். ஆண்பிள்ளை இல்லாத குறையை அவர் என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அக்காவை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது தெருவுக்குத் தெரு அந்தப் போர்டு தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்ததை இங்கே ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கையால் அடிப்பதும் காலால் ஓட்டுவதுமான வேலை. தையல் மிஷின் மிதி மாதிரி ஒன்றைக் கால் கீழே வைத்துக்கொண்டு, மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. காதில் சரியாக விழாத சொல்லை ஊகித்து அடிக்கவே கூடாது. அது யாரோ ஒருவருடைய மருந்தோ அறுவை சிகிச்சையோ. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வெற்றிடமாக விட்டுவிட வேண்டும். ஒன்றிரண்டு கோடுகள் இருந்தால் மன்னிப்பார்கள். நிறைய இருந்தால் ஆள் தேறவில்லை என்று அர்த்தம். மையத்திலேயே மிகக் குறைவாக இடம் விடுகிறவள் எங்கள் அக்காதான். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டர்களின் பதிவை மற்றவர்கள் முடியாது என்று வைத்துவிட்டால், மையத்து சார் அதை அக்காவிடம்தான் கொடுப்பாராம்.

வேலை கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் எல்லாம் ராத்திரி ஷிஃப்ட். அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஏற்கெனவே உறவுக்காரர்கள் ஜாதகத்தோடு வரப்போக இருந்தார்கள். அப்போதுதான் சார் ஒரு வழி சொன்னார்: நல்ல காது உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுக்கிறார்கள், சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், மூன்று வாரம் வீட்டிலிருந்து செய்து காட்டி அதில் தேற வேண்டும். அப்பா யோசித்துவிட்டு, தேறிவிட்டால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அக்கா அன்றைக்குச் சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆக, கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கப்பட்டது. இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

என்ன வாங்க வேண்டும் என்று மையத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். சாதாரண ப்ராசஸர் போதும், சாதாரண மதர்போர்டு போதும், குரலைக் காதுக்குக் கொண்டுவரும் சவுண்ட் கார்டு மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். சவுண்ட் கார்டுக்குக் கீழே அக்கா சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

என்னிடம் வேறொரு பட்டியல் இருந்தது. மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் என்ன படித்தேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் எல்லோரும் சாட் செய்துகொண்டிருந்தபோது நான் வெளிநாட்டுப் பையன்கள் எழுதும் ஓவர்க்ளாக்கிங் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ப்ராசஸரை இவ்வளவு வேகம் என்று எழுதி விற்கிறார்கள். அதை முறுக்கிவிட்டால் அதைவிட வேகமாக ஓடும். விலை கூடிய ப்ராசஸருக்குச் சமமாக நிற்கும். அதற்குத் தோதான ப்ராசஸர் எது, முறுக்க இடம் கொடுக்கும் மதர்போர்டு எது, எந்த விசிறி வைத்தால் சூடு தாங்கும் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். சூடு அதிகமானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எங்கள் ஜன்னலைத் திறந்தால் மே மாதத்து வெக்கைதான் உள்ளே வந்து உட்காரும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வாங்கப் போன அன்று அக்காவுக்கு வகுப்பு இருந்தது. அப்பாவும் நானும் மின்சார ரயிலில் எழும்பூர் போய் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அந்தத் தெருவின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, ஈயம் உருகும் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து. கடைக்காரர் முதலில் அப்பாவிடம்தான் பேசினார். நான் மதர்போர்டின் பெயரைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார், பொண்ணு எல்லாம் தெரிஞ்சிகினு வந்துகீது” என்றார்.

அப்பாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன். நான் கேட்ட மதர்போர்டும் பெரிய விசிறியும் கையிலிருந்த பணத்துக்குள் அடங்கவில்லை. எதையாவது குறைக்க வேண்டும். சவுண்ட் கார்டைக் குறைத்தேன். பெயரில்லாத ஒன்று, கவரில் போட்டு ஸ்டேபிள் அடித்தது. அப்பா அக்காவின் பட்டியலைப் பார்த்து, இதில் வேறு என்னவோ போட்டிருக்கிறாளே என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான்பா என்றேன். இவளுக்குத் தெரியும் என்று என்னைக் காட்டிக் கடைக்காரரிடம் சொன்னார் அப்பா.

வீட்டில் அப்பா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். கம்ப்யூட்டருக்குச் சுத்தமான எர்த் வேண்டும் என்று கிணற்றடிப் பக்கம் இடுப்பளவு பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக் குழாயை இறக்கினார். தினமும் சாயங்காலம் அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அம்மாவுக்கு உத்தரவு. அந்த வீட்டில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே வேலை அதுதான்.

நான் வாங்கிய ப்ராசஸர் வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டப்பட்டது. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழி இருந்தது, கேட்டால் நம்பமாட்டீர்கள், பென்சில். ப்ராசஸரின் முதுகில் கடுகைவிடச் சின்னதாகப் பொன்னிறப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கூர்சீவிய பென்சிலால் ஒவ்வொரு ஜோடியையும் கோடிட்டு இணைத்துவிட்டால், பென்சில் கரியில் மின்சாரம் ஓடிப் பூட்டு திறந்துவிடும். பக்கத்து ஜோடியில் கோடு பட்டால் போச்சு. எனக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட வராது. அக்காவைக் கூப்பிட்டேன்.

கோலத்துக்குப் புள்ளி வைத்த கை அவளுடையது. தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நாலு ஜோடியையும் இணைத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“இது எதுக்குடி?” என்று கேட்டாள்.

“சூடு ஆகாம இருக்கறதுக்குக்கா” என்றேன். நடக்கப்போவது நேர் எதிர்.

முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே ஓடியது. ப்ராசஸரை மட்டும் கொஞ்சம் முறுக்கியிருந்தேன். அக்கா சிடியில் கொண்டுவந்த பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடித்து ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போவாள். பகலெல்லாம் அவள், சாயங்காலம் நான். எனக்கு ஆசை விடவில்லை. ஒரு சாயங்காலம் மதர்போர்டின் ஓட்டத்தையே கூட்டிவிட்டேன். வேகத்தைக் காட்டும் எண் எகிறியது. ஆனால் மதர்போர்டு வேகமாக ஓடினால் அதில் செருகிய எல்லாமும் கூடவே வேகமாக ஓட வேண்டும். நல்ல சவுண்ட் கார்டாக இருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊதிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் தலையில் மாட்டினாள். டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், பின்னால் பொரி பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. திடீர் திடீரென்று அரை நொடி குரலே விழுங்கப்பட்டு, மறுபடி வந்தது.

“உனக்கு சரியா கேக்குதா?” என்றாள்.

நான் ஏன் அதைச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கரகரக்கிறது என்றால் அப்பாவிடம் போகும். அப்பா சவுண்ட் கார்டைக் கழற்றிப் பார்ப்பார், இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும். நான் முறுக்கியதைக் கீழே இறக்கச் சொல்வார்கள். இவ்வளவும் ஒரு கணத்தில் ஓடியது.

“எனக்கு நல்லா கேக்குதேக்கா” என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அக்கா ஹெட்ஃபோனை வாங்கித் திரும்ப மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு பக்கத்தில் பத்துக்கு மேல் கோடு.

அதன் பிறகு எங்கள் வீடே அக்காவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவளுக்கு ஒரு முறை காதில் சீழ் வந்ததாம். அம்மா அதை இழுத்து வைத்துக்கொண்டு, அப்போதே ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று புலம்பினார். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். அக்கா தலையணையில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் இறங்கட்டும் என்று காத்திருப்பாள். வீடு முழுக்கப் பூண்டு வாசனை. அப்பா புது ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி வந்தார். அதிலும் அதே கதை. சின்னவளுக்கு நன்றாகக் கேட்கிறதே என்றார் அப்பா, என்னைப் பார்த்து. ஆமாம்பா என்று மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

காது டாக்டரிடமும் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, விசில் மாதிரிச் சத்தங்களைக் கேட்கவைத்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். யாரும் நம்பவில்லை. மிஷின் சத்தம் கேட்கிறது, மனுஷர் பேச்சு கேட்கவில்லை, அது வேறு வியாதி என்றார் அம்மா. அப்பா தன் அனுபவத்திலிருந்து, இரண்டு மாதமாகக் காதை அடைத்து மாட்டிக்கொண்டிருந்ததில் நரம்பு பலவீனமாகிவிட்டது என்று முடிவு கட்டினார். அக்காவோ, மையத்திலும் வர வரச் சரியாகக் கேட்காத மாதிரி இருக்கிறது என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். பயந்துபோனவளுக்கு எங்கேயும்தான் கேட்காது.

மூன்றாவது வாரம் அவள் மையத்துக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டரை மறுபடி ஆரம்பித்து, வேகத்தை மாற்றுகிற நீலப் பக்கத்துக்குப் போய், மதர்போர்டின் ஓட்டத்தைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். ஹெட்ஃபோனை மாட்டினேன். டாக்டரின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரித் தெளிவாக வந்தது. அவர் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி அன்றோடு போய்விட்டது.

இறக்கியபடியே விட்டுவைத்தேன், ஒன்றும் சொல்லாமல். அன்று மத்தியானம் அக்கா இரண்டு பதிவுகளை முடித்தாள், மொத்தம் இரண்டே கோடு. எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று அம்மா அடுத்த தெருவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இன்னும் நாலு நாள்தான், தேறிவிடுவேன் என்று அக்கா காலண்டரில் விரல் வைத்துக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நான்தான் கூப்பிட்டிருந்தேன். காபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். சோதனை ஓட்டி எண்ணைக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாயைப் பிளந்தீர்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லோருக்கும் ரஸ்னா கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் போனதும் இறக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் சாயங்காலம் வரை இருந்தீர்கள், கிளம்புகிற நேரத்தில் கரண்ட் போனது. அன்றைக்குத் தாம்பரம் முழுக்க இருட்டு. விடிந்த பிறகுதான் வந்தது. கரண்ட் போனாலும் ஏற்றியது ஏற்றியபடியேதான் நிற்கும்.

திங்கட்கிழமை காலை. புதுப் பள்ளிக்கூட வருஷம் ஆரம்பித்திருந்தது. நான் சீருடை போட்டு, பின்னல் போட்டு முடித்து வெளியே வந்தால், அக்கா ஏற்கெனவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். குளித்து, விபூதி வைத்து, காலை மிதிமேல் வைத்திருந்தாள். கடைசிப் பதிவு, அன்று மத்தியானம் கொடுத்தாக வேண்டியது. ஒரு நிமிஷம் எழுந்திரு என்று சொன்னால் போதும். நீலப் பக்கம், நாலு பொத்தான், முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கோழை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷமும்.

சாயங்காலம் நான் வந்தபோது ஹெட்ஃபோன் பழையபடி பெட்டிக்குள் போயிருந்தது. மிதியைச் சுற்றி வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். கடைசிப் பதிவு முழுக்கக் கோடாம், ஆனாலும் சார் நல்லவிதமாகத்தான் பேசினாராம். காதைக் கவனித்துக்கொள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். அக்கா அழவில்லை. அம்மா அழுதார். அப்பா என்னிடம், இனிமேல் கம்ப்யூட்டர் உனக்குத்தான், நன்றாகப் படி என்றார்.

படித்தேன். அன்றிரவே எல்லாவற்றையும் இறக்கினேன், அதற்குப் பிறகு ஒரு நாளும் ஏற்றவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் ப்ரோக்ராம் எழுதக் கற்றேன், அதில்தான் காலேஜ் ப்ராஜெக்ட் செய்தேன், அதைச் சொல்லித்தான் முதல் வேலை வாங்கினேன். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் காது விஷயத்தை மூச்சுவிடக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் உத்தரவு. இல்லாத நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். மறைத்தது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றே அவள் புகுந்த வீட்டில் எல்லோருடைய வாயையும் உற்றுப் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகிவிட்டாள்.

இப்போது அக்கா கீழ்க்கட்டளையில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். அவள் மகள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்: பக்கத்துப் பள்ளியில் ஆபீஸில் உட்கார்ந்து ஃபோன் எடுக்க ஆள் கேட்கிறார்கள், அம்மாவைக் கூப்பிடுகிறார்கள், அம்மா காது சரியில்லை என்று சொல்லிப் போகமாட்டேன் என்கிறார். மகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு நான் சொன்னேன். சவுண்ட் கார்டிலிருந்து ஆரம்பித்து, திங்கட்கிழமை காலை வரைக்கும். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று தெரியும்.

அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் சொல்ல முடியாது என்றேன். அதை அவள் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

“அன்னிக்கு உன் தலையில மாட்டினேனே, அப்ப உனக்கும் கரகரன்னுதான் கேட்டுச்சா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“டாக்டர் பேச்சு நடுவுல நடுவுல காணாமப் போச்சே, அதுவும்?”

“அதுவும்தான்.”

அக்கா விரலில் ஒட்டியிருந்த வெண்டைக்காய்ப் பிசினைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ எனக்கு எல்லாம் சரியாத்தான் கேட்டிருக்கு” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒரு இடம்கூட விட்டிருக்க மாட்டேன்டி” என்றாள்.